முப்பத்தாறாவது மாநிலம்

ஒரு வீட்டிற்குக் கடைக்கால் எத்தகையதோ, ஒரு நாட்டிற்கு அரசியலமைப்பும் அத்தகையது. சுவரின் வண்ணத்தை வேண்டும்போது மாற்றலாம். கதவைப் பெயர்த்து வேறிடத்தில் பொருத்தலாம். கூரையைப் பிரித்துப் புதிதாக வேயலாம். கடைக்காலையோ அவ்வாறு நாள்தோறும் தோண்டிப் பார்த்தல் இயலாது. ஆயினும் குடியிருப்போர் தொகை பெருகியபோதும், நிலம் இளகியபோதும் கடைக்காலையும் செப்பனிட வேண்டிய நிலை நேர்வதுண்டு. அப்பொழுது வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடி ஆராய்வர். அறிந்தோர் சொல்லைக் கேட்பர். அதன் பின்னரே கடப்பாரையைக் கையில் எடுப்பர்.

நாட்டின் சட்டங்களும் இவ்வாறு இருவகைப்படும். வரி, சாலை, சந்தை முதலியவை பற்றிய சட்டங்களைச் சட்டமன்றம் பெரும்பான்மை வாக்கால் இயற்றும். வேண்டின் அடுத்த ஆண்டே மாற்றவும் செய்யும். அச்சட்டமன்றத்திற்கே அதிகாரம் வழங்கும் அடிப்படைச் சட்டம் ஒன்று உண்டு. அதுவே அரசியலமைப்பு. அதனை மாற்றுவதற்கு எளிய பெரும்பான்மை போதாது. கூட்டாட்சி நாடுகள் பலவற்றில், மைய அவை ஒரு திருத்தத்தை முன்மொழிந்த பின்னர், மாநில அவைகள் அதனை ஆராய்ந்து, 'எமக்கும் இது உடன்பாடே' என்று உரைத்தல் வேண்டும். அவ்வாறு உரைப்பதே ஒப்புதல் எனப்படும். இம்முறை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் விளையும் நன்மை யாது, தொல்லை யாது என்பனவற்றை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பிரிட்டனின் ஆட்சியை எதிர்த்துப் போரிட்டு விடுதலை பெற்ற பதின்மூன்று அமெரிக்க மாநிலங்களும் முதலில் ஓர் உடன்படிக்கையின்கீழ் ஒன்றுபட்டிருந்தன. அவ்வுடன்படிக்கையை மாற்ற வேண்டின், பதின்மூன்று மாநிலங்களும் ஒருங்கே இசைதல் வேண்டும் என்பது விதி. போரினால் ஏற்பட்ட கடன் நாட்டை அழுத்தியது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களின்மீது நூற்றுக்கு ஐந்து வீதம் சுங்கம் தண்டுவதற்கு மைய அவை 1781ஆம் ஆண்டில் இசைவு கேட்டது. பன்னிரண்டு மாநிலங்கள் இசைந்தன. பரப்பளவில் அனைத்தினும் சிறியதாகிய ரோடு ஐலண்டு 1782ஆம் ஆண்டில் மறுத்துவிட்டது. அந்த ஒரு மறுப்பினால் பன்னிரண்டு மாநிலங்களின் விருப்பமும் பயனற்றுப் போயிற்று. பின்னர்ச் சில மாறுதல்களோடு அதே கோரிக்கை மீண்டும் எழுந்தது. அப்பொழுது நியூயார்க்கு இடையூறாக நின்றது. எல்லோரும் இசைந்தாலன்றி எதுவும் நடவாது என்னும் விதி, ஒருவர் நினைத்தால் அனைத்தையும் தடுக்கலாம் என்பதில் முடிந்தது.

இக்குறையையும் பிற குறைகளையும் நீக்கும் பொருட்டு, 1787ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலடெல்பியா நகரில் ஒரு பேரவை கூடியது. ஜார்ஜ் வாஷிங்டன் அதற்குத் தலைமை தாங்கினார். வந்து கலந்துகொண்ட பேராளர் 55 பேர். இறுதியில் கையொப்பமிட்டோர் 39 பேர். ரோடு ஐலண்டு ஒருவரையும் அனுப்பவில்லை. அப்பேரவை வகுத்த அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு, திருத்தம் செய்யும் முறையைக் கூறுகிறது. எவரேனும் ஒருவர் மறுத்தாலும் திறவாத கதவும் கூடாது. எவர் தொட்டாலும் திறந்துகொள்ளும் கதவும் கூடாது. இதுவே அதனை வகுத்தோரின் கருத்து.

அம்முறை இரண்டு படிகளை உடையது. முதற்படி முன்மொழிதல். அமெரிக்கக் காங்கிரசின் இரண்டு அவைகளாகிய பிரதிநிதிகள் சபையும் செனெட்டு சபையும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் திருத்தத்தை நிறைவேற்றலாம். அன்றி, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களின் சட்டசபைகள் வேண்டினால், அதற்கென ஒரு தனிப் பேரவையைக் காங்கிரசு கூட்டுதல் வேண்டும். இவ்விரண்டாவது வழி இதுகாறும் கையாளப்படவில்லை.

இரண்டாம் படி ஒப்புதல். முன்மொழியப்பட்ட திருத்தம் மாநிலங்களுக்கு அனுப்பப்படும். நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்பினால் அது அரசியலமைப்பின் பகுதியாகும். மாநிலச் சட்டசபைகள் ஒப்புதல் தருவதா, மாநிலந்தோறும் அதற்கென மக்கள் தேர்ந்தெடுக்கும் பேரவைகள் தருவதா என்பதைக் காங்கிரசே முடிவு செய்யும். மதுவிலக்கை நீக்கிய இருபத்தொன்றாம் திருத்தம் ஒன்றுதான் 1933ஆம் ஆண்டில் அத்தகைய பேரவைகளால் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஏனைய திருத்தங்கள் அனைத்தும் சட்டசபைகளின் ஒப்புதலையே பெற்றன. இவ்விரு படிகளிலும் குடியரசுத் தலைவரின் கையொப்பத்திற்கு இடமில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அவர் விரும்பலாம், வேண்டலாம், அறிவுரை கூறலாம். வாக்கு அவருடையது அன்று.

புதிய அரசியலமைப்பும் மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றே உயிர் கொண்டது. பதின்மூன்றில் ஒன்பது மாநிலங்கள் ஒப்பினால் போதும் என்று விதிக்கப்பட்டிருந்தது. 1788ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஒப்பியது. எல்லோருக்கும் இறுதியாக, 1790ஆம் ஆண்டு மே மாதத்தில், ரோடு ஐலண்டும் ஒப்பியது. அங்கு ஆதரித்தோர் 34 பேர். எதிர்த்தோர் 32 பேர். ஒப்புதலின் வரலாற்றில் இரண்டொரு வாக்குகள் எத்துணை வலிமையுடையன என்பதற்கு அது முதற்சான்று. அதனினும் சிறந்த சான்று நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து டென்னசி மாநிலத்தில் தோன்றியது. அது பெண்களின் வாக்குரிமை பற்றியது.

1848ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நியூயார்க்கு மாநிலத்தின் செனெகா பால்ஸ் என்னும் சிற்றூரில் பெண்ணுரிமை மாநாடு ஒன்று நடைபெற்றது. எலிசபெத் கேடி ஸ்டான்டன் அம்மையார் அதனைக் கூட்டியோருள் ஒருவர். ஆணும் பெண்ணும் சமமாகப் படைக்கப்பட்டோர் என்று கூறும் அறிக்கை ஒன்று அங்கு வெளியிடப்பட்டது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் தீர்மானம் எழுந்தபோது, மாநாட்டிற்கு வந்திருந்தோருள்ளேயே பலர் தயங்கினர். அடிமைத்தளையினின்று தப்பி வந்து, நாடறிந்த சொற்பொழிவாளராக விளங்கிய பிரெடரிக் டக்ளஸ் எழுந்து அத்தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். தீர்மானம் நிறைவேறியது. பெண்கள் 68 பேரும் ஆண்கள் 32 பேரும் அறிக்கையில் கையொப்பமிட்டனர். அவர்களுள் சார்லட் உட்வர்டு என்னும் இளம்பெண்ணும் ஒருத்தி. கையுறை தைத்து அவள் ஈட்டிய கூலி அவளுக்கு உரியதாக இல்லாத காலம் அது.

சூசன் அந்தோனி அம்மையார் இவ்வியக்கத்தின் மற்றொரு தூண். 1872ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் ராச்செஸ்டர் நகரில் துணிந்து வாக்களித்தார். அதற்காகக் கைது செய்யப்பட்டார். வழக்கு மன்றம் அவருக்கு நூறு டாலர் தண்டம் விதித்தது. அவர் அத்தண்டத்தை இறுதிவரை செலுத்தவில்லை. வழக்கு மன்றத்தில் கிட்டாத உரிமையை அரசியலமைப்பைத் திருத்தியே பெறுதல் வேண்டும் என்பது நாளடைவில் தெளிவாயிற்று. 1878ஆம் ஆண்டில் அதற்கான திருத்தம் செனெட்டு சபையில் முதன்முதல் கொண்டுவரப்பட்டது. 'பால் வேற்றுமை காரணமாக எக்குடிமகனின் வாக்குரிமையும் மறுக்கப்படவோ குறைக்கப்படவோ கூடாது' என்பதே அதன் சாரம். ஒரே வாக்கியத்தில் அடங்கும் இச்சிறு விதி, காங்கிரசின் இரு அவைகளையும் கடப்பதற்கு நாற்பத்தோர் ஆண்டுகள் பிடித்தன. ஸ்டான்டன் அம்மையார் 1902ஆம் ஆண்டிலும், அந்தோனி அம்மையார் 1906ஆம் ஆண்டிலும், தாம் நட்ட மரம் காய்த்ததைக் காணாமலே மறைந்தனர்.

அவர்களுக்குப் பின் கேரி சாப்மன் கேட் அம்மையார் இயக்கத்தை நடத்தினார். மாநிலந்தோறும் சென்று, ஆண் வாக்காளர்களிடமே பெண்களுக்கு உரிமை கேட்கும் கடினமான பணி அது. வாக்கெடுப்புகளில் 56 முறையும், அத்தகைய வாக்கெடுப்பை நடத்துமாறு சட்டசபைகளிடம் 480 முறையும் தம் இயக்கத்தார் போராடியதாக அவர் பின்னர்க் கணக்கிட்டார். 1918ஆம் ஆண்டில் பிரதிநிதிகள் சபை திருத்தத்தை ஏற்றது. செனெட்டு சபையில் இரண்டு வாக்குக் குறைவால் அது தோற்றது. 1919ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு வாக்குக் குறைவால் மீண்டும் தோற்றது. அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள் செனெட்டு சபையும் 56க்கு 25 என்னும் வாக்கால் அதனை நிறைவேற்றியது. முதற்படி கடந்தாயிற்று.

ஆனால் செனெட்டு சபை வாக்களித்த அன்று எந்தப் பெண்ணுக்கும் புதிய உரிமை கிடைத்துவிடவில்லை. அந்நாளில் அமெரிக்காவில் 48 மாநிலங்கள் இருந்தன. அவற்றில் நான்கில் மூன்று பங்கு 36. ஆகவே முப்பத்தாறு மாநிலங்கள் ஒப்பினாலன்றித் திருத்தம் நடைமுறைக்கு வாராது. எதிர்ப்போர்க்கோ பதின்மூன்று மாநிலங்களைத் தம் பக்கம் நிறுத்திக்கொண்டால் போதும். ஒரு மாநிலத்தின் சட்டசபையில் பெரும்பாலும் இரண்டு அவைகள் உண்டு; இரண்டும் ஒப்புதல் வேண்டும். எனவே ஆதரிப்போர் வெல்ல வேண்டிய அவைகள் எழுபதுக்கு மேற்பட்டவை.

விஸ்கான்சின், இல்லினாய், மிச்சிகன் ஆகிய மூன்றும் ஜூன் 10ஆம் நாளே ஒப்பின. தொடர்ந்து பல மாநிலங்கள் ஒப்பின. எனினும் இடையூறுகளும் பல இருந்தன. பல மாநிலங்களின் சட்டசபைகள் அக்காலத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே கூடின. சிறப்புக் கூட்டத்தை ஆளுநர் அழைத்தால்தான் ஒப்புதலைப் பற்றிப் பேசவே இயலும். சில ஆளுநர்கள் அழைக்க மறுத்தனர். தென் மாநிலங்கள் பல, திருத்தத்தை வெளிப்படையாகவே தள்ளிவிட்டன. 1920ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் வாஷிங்டன் மாநிலம் ஒப்பியபோது எண்ணிக்கை முப்பத்தைந்து ஆயிற்று. வேண்டியது இன்னும் ஒன்றே. நவம்பர் மாதத்திலோ குடியரசுத் தலைவர் தேர்தல் வர இருந்தது. ஜூன் மாதத்தில் டெலவேர் கைவிட்டது. எல்லோருடைய பார்வையும் தெற்கே டென்னசியின்பால் திரும்பியது.

குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் டென்னசியின் ஆளுநர் ஆல்பர்ட் ராபர்ட்ஸுக்குத் தந்தி அனுப்பிச் சிறப்புக் கூட்டத்தை அழைக்குமாறு வேண்டினார். ஆகஸ்டு 9ஆம் நாள் சட்டசபை தலைநகரமாகிய நாஷ்வில்லில் கூடியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இரு தரப்பினரும் அங்கு வந்து குழுமினர். திருத்தத்தை ஆதரித்தோர் மஞ்சள் ரோசா மலரை அணிந்தனர். எதிர்த்தோர் சிவப்பு ரோசா மலரை அணிந்தனர். எதிர்த்தோருள் பெண்களும் பலர் இருந்தனர். வாக்காளர் யார் என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்தல் வேண்டும் என்றனர் சிலர்; அரசியல் பூசல் குடும்பத்தினுள் புகுந்து அமைதியைக் கெடுக்கும் என்றனர் வேறு சிலர். ஒவ்வோர் உறுப்பினரின் சட்டையிலும் எந்நிற மலர் உள்ளது என்று பார்த்து, இரு தரப்பினரும் நாள்தோறும் கணக்கிட்டனர். மாநில மேலவை 13ஆம் நாள் 25க்கு 4 என்னும் வாக்கால் எளிதில் ஒப்பியது. பிரதிநிதிகள் சபையிலோ இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தன.

அச்சபையின் உறுப்பினருள் இளையவர் ஹாரி பர்ன். அவருக்கு அப்பொழுது வயது 24. மாநிலத்தின் கிழக்கிலுள்ள மெக்மின் வட்டாரத்தைச் சேர்ந்தவர். அவர் தொகுதியில் திருத்தத்தை எதிர்ப்போர் மிகுதி. அடுத்த தேர்தலும் சில திங்களில் வர இருந்தது. அவர் சட்டையில் சிவப்பு மலரே விளங்கியது. எதிர்ப்போர் அவரைத் தம் கணக்கிலேயே வைத்திருந்தனர்.

அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தை ஒருவரும் அறிந்திலர். அது நயோட்டா என்னும் ஊரிலிருந்து அவருடைய அன்னையார் பெப் பர்ன் அம்மையார் எழுதியது. கணவரை இழந்த அவ்வம்மையார், பண்ணையைத் தாமே மேற்பார்த்து வந்தவர். செய்தித்தாள்களைக் கருத்துடன் படிப்பவர். வீட்டுச் செய்திகளும் ஊர்ச் செய்திகளும் நிறைந்த அந்நீண்ட கடிதத்தின் இடையே, மகனுக்கு ஓர் அறிவுரையும் இருந்தது. பெண்களின் வாக்குரிமையை அவன் ஆதரிக்க வேண்டும். தன் கருத்து யாது என்று பிறர் ஐயுறும்படி இருத்தலாகாது. நல்ல பிள்ளையாக நடந்து கேட் அம்மையாருக்குத் துணை செய்தல் வேண்டும் என்பது அவ்வறிவுரை.

ஆகஸ்டு 18ஆம் நாள் சபை நிரம்பி வழிந்தது. அவைத்தலைவர் சேத் வாக்கர் திருத்தத்தை எதிர்ப்பவர். அவர் தம் இருக்கையினின்று இறங்கி வந்து, இப்பொருளை ஆராயாமலே ஒத்திவைத்துவிட வேண்டும் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பெயர் அழைத்து வாக்கெடுத்தனர். ஆதரவாக 48, எதிராக 48. பாங்க்ஸ் டர்னர் என்னும் உறுப்பினர் எதிர்பாராத வகையில் ஒத்திவைப்பை எதிர்த்து வாக்களித்ததே அச்சமநிலைக்குக் காரணம். மீண்டும் வாக்கெடுத்தனர்; மீண்டும் 48க்கு 48. சம வாக்கு விழுந்தால் தீர்மானம் தோற்றதாகவே பொருள். ஒத்திவைப்பு தோற்றது. இவ்விரு முறையும் ஹாரி பர்ன் ஒத்திவைப்பை ஆதரித்தே வாக்களித்திருந்தார்.

வாக்கர் மனந்தளரவில்லை. உடனே ஒப்புதல் தீர்மானத்தின்மீதே வாக்கெடுக்க வேண்டும் என்றார். அவருடைய கணக்கு நுட்பமானது. எந்தச் சமநிலை ஒத்திவைப்பைத் தோற்கடித்ததோ, அதே சமநிலை ஒப்புதலையும் தோற்கடிக்கும். 48க்கு 48 என்று மீண்டும் விழுந்தால் பெண்களின் திருத்தம் அங்கேயே வீழும். பெயர்கள் அகரவரிசையில் அழைக்கப்பட்டன. தொடக்கத்திலேயே ஹாரி பர்னின் பெயர் வந்தது. அவர் 'ஆம்' என்றார். ஒரு கணம் அவையினர் தம் செவிகளையே நம்பவில்லை. ஒப்புதலை எதிர்ப்போர் கணக்கில் ஒன்று குறைந்தது. ஆதரிப்போர் கணக்கில் ஒன்று கூடியது. டர்னரும் ஒப்புதலுக்கே வாக்களித்தார். முடிவு 49க்கு 47. டென்னசி முப்பத்தாறாவது மாநிலம் ஆயிற்று.

பர்ன் கையூட்டுப் பெற்றார் என்று எதிர்ப்போர் பழி தூற்றினர். மறுநாள் அவர் சபையில் எழுந்து தம் விளக்கத்தைப் பதிவு செய்தார். வாக்குரிமை பெண்களுக்கு உரியது என்றே தாம் நம்புவதாகவும், தாயின் அறிவுரையைப் பின்பற்றுதலே மகனுக்கு என்றும் நன்மை பயக்கும் என்றும், பதினேழு மில்லியன் பெண்களை அரசியல் அடிமைத்தனத்தினின்று விடுவிக்கும் வாய்ப்பு ஒரு மனிதனுக்கு அரிதினும் அரிதாகவே கிட்டும் என்றும் அவர் கூறினார். அவ்வாண்டு நடந்த தேர்தலில் அவர் தொகுதி மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர்.

ஒப்புதல் நிறைவேறிய பின்னரும் தடைகள் ஓயவில்லை. அவையில் போதிய உறுப்பினர் இல்லையென்றால் எந்நடவடிக்கையும் செல்லாது என்று கருதி, எதிர்ப்போருள் ஒரு கூட்டத்தார் இரவோடிரவாக அண்டை மாநிலமாகிய அலபாமாவிற்குச் சென்றுவிட்டனர். வழக்கு மன்றத்தில் தடையாணையும் பெற்றனர். தடையாணை நீங்கியதும், ஆகஸ்டு 24ஆம் நாள் ஆளுநர் ஒப்புதல் சான்றிதழில் கையொப்பமிட்டு அதனைப் பதிவஞ்சலில் வாஷிங்டனுக்கு அனுப்பினார். 26ஆம் நாள் விடியற்காலையில் அது தலைநகரை அடைந்தது. வெளியுறவு அமைச்சர் பெயின்பிரிட்ஜ் கோல்பி, காலை எட்டு மணியளவில் தம் இல்லத்திலேயே பத்தொன்பதாம் திருத்தம் நிறைவேறியதென்னும் அறிவிப்பில் கையொப்பமிட்டார். இசை முழங்கவில்லை, புகைப்படம் எடுப்போரும் இல்லை. எழுபத்திரண்டு ஆண்டுப் போராட்டம் ஓர் எழுதுகோலின் அசைவில் நிறைவெய்தியது.

'டென்னசியின் ஒப்புதல் முறையாக நிகழவில்லை' என்று சிலர் உச்சநீதி மன்றம் வரை வழக்காடினர். ஒரு மாநிலத்தின் சொந்த அரசியலமைப்பு விதிக்கும் கட்டுப்பாடுகள் ஒப்புதலைத் தடுக்குமா என்பது அவ்வழக்கில் எழுந்த வினாக்களுள் ஒன்று. 1922ஆம் ஆண்டு பிப்ரவரியில் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புக் கூறினர். மாநிலச் சட்டசபை ஒரு திருத்தத்தை ஒப்பும்போது, தன் மாநிலத்தின் அதிகாரத்தால் அன்று, நாட்டின் அரசியலமைப்பு வழங்கிய அதிகாரத்தாலேயே அதனைச் செய்கிறது; ஆகவே மாநிலக் கட்டுப்பாடு அதனைத் தடுக்கமாட்டாது என்பது தீர்ப்பின் கருத்து. மேலும், டென்னசியைப் பற்றிய ஐயத்திற்கு இடமில்லாதவாறு, 1920ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே கனெக்டிகட் மாநிலமும் ஒப்பியிருந்தது. போதிய ஒப்புதல் கிடைத்த பின்னும் மாநிலங்கள் தம் இசைவைத் தெரிவிப்பதுண்டு. மிசிசிப்பி மாநிலம் 1984ஆம் ஆண்டில்தான் பத்தொன்பதாம் திருத்தத்தை ஒப்பியது.

இவ்வெற்றியின் எல்லையையும் மறைத்தல் கூடாது. விதி எழுதப்பட்டவுடன் எல்லாப் பெண்களும் வாக்களித்துவிடவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரைத் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, அச்சுறுத்தல் முதலியவற்றால் வாக்குச்சாவடியினின்று விலக்கி வைத்தனர். அம்மகளிர் மேலும் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1964ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற இருபத்து நான்காம் திருத்தம், நாட்டுத் தேர்தல்களில் வாக்களிப்பதற்குத் தலைவரி கேட்பதை ஒழித்தது. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் ஏனைய தடைகளையும் தகர்க்க வழி செய்தது. கடைக்காலைச் செப்பனிட்டால் மட்டும் போதாது. அதன்மேல் எழும் சுவரையும் நேராக எழுப்புதல் வேண்டும்.

அமெரிக்கக் காங்கிரசில் இதுவரை பதினோராயிரத்திற்கு மேற்பட்ட திருத்தங்கள் கொண்டுவரப்பட்டுள்ளன. அவற்றுள் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டவை 33. ஒப்புதல் பெற்றுச் சேர்க்கப்பட்டவை 27. குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கு அளிக்கும் திருத்தம் 1924ஆம் ஆண்டில் அனுப்பப்பட்டது. 28 மாநிலங்கள் ஒப்பியும் போதிய எண்ணிக்கை கிட்டாமையால் அது நிறைவேறவில்லை. காங்கிரசு உறுப்பினர் தம் ஊதியத்தை மாற்றிக்கொண்டால், அடுத்த தேர்தலுக்குப் பின்னரே அம்மாற்றம் நடைமுறைக்கு வருதல் வேண்டும் என்னும் திருத்தமோ, 1789ஆம் ஆண்டில் அனுப்பப்பட்டு, 1992ஆம் ஆண்டில்தான் வேண்டிய ஒப்புதலைப் பெற்றது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கிய விதை முளைத்தது போன்றது அது.

இந்திய நாட்டின் அரசியலமைப்பும் ஒப்புதல் முறையை ஓரளவு மேற்கொண்டுள்ளது. அதன் 368ஆம் பிரிவின்படி, பெரும்பாலான திருத்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தனிப் பெரும்பான்மை பெறுதல் போதும். குடியரசுத் தலைவர் தேர்தல், உச்சநீதி மன்றம், நடுவண் அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே உள்ள அதிகாரப் பங்கீடு முதலிய சிலவற்றைத் திருத்துவதற்கு மட்டும், மாநிலச் சட்டமன்றங்களுள் பாதிக்குக் குறையாதவை ஒப்புதல் தருதல் வேண்டும். அமெரிக்கக் கதவைவிட இக்கதவு எளிதில் திறப்பது. வயது வந்தோர் அனைவருக்கும், ஆண் பெண் வேறுபாடின்றி, வாக்குரிமையைத் தொடக்கத்திலேயே வழங்கியதால், அதற்கென இந்தியப் பெண்கள் ஒரு திருத்தத்தையும் எதிர்நோக்க வேண்டியதில்லாமற் போயிற்று.

ஒப்புதல் முறையால் காலம் நீள்கிறது என்பது உண்மை. நீதியான உரிமையும் அதனால் காத்துக் கிடக்க நேர்கிறது. எனினும், அவ்வாறு ஊர் ஊராகச் சென்று பெற்ற இசைவை ஒரு தேர்தலின் அலையோ ஓர் ஆட்சியாளரின் விருப்போ எளிதில் அடித்துச் செல்ல இயலாது. நாஷ்வில்லில் ஓர் இளைஞர் கூறிய 'ஆம்' என்னும் சொல் வரலாற்றில் நிலைத்தது. ஆயினும் அவருக்கு முன் முப்பத்தைந்து மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் அச்சொல்லைக் கூறியிருந்தமையால்தான் அவர் சொல் முடிவான சொல்லாயிற்று. அவருக்குக் கடிதம் எழுதிய தாய்க்கோ அன்று அத்திருத்தத்தின்மேல் வாக்களிக்கும் உரிமை இல்லை. தன் கருத்தை எழுதும் உரிமை இருந்தது. அதனை அவர் பயன்படுத்தினார்.

செனெகா பால்ஸ் அறிக்கையில் கையொப்பமிட்ட பெண்களுள், 1920ஆம் ஆண்டு நவம்பரில் உயிரோடிருந்தவர் சார்லட் உட்வர்டு ஒருவரே. கையுறை தைத்த அவ்விளம்பெண் அப்பொழுது தொண்ணூறு வயது கடந்த மூதாட்டி. நோயுற்றிருந்தமையால் அவரால் வாக்குச்சாவடிக்குச் செல்ல இயலவில்லை என்பர். அவருக்காக அன்று வரிசையில் நின்றவர்கள், அவர் கையொப்பமிட்ட நாளில் பிறந்தும் இராத பெண்கள்.